வண்டியின் இடதுபக்கக் கீறல்கள்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 39. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, இருபது வருடமாக எனக்குத் தலைவலி உண்டு. மாதத்தில் இரண்டு மூன்று முறை வரும். ஒரு பக்கப் பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, மிக்சி சத்தம் ஆகாது. வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் தூங்கி எழுந்தால் விட்டுவிடும். இத்தனை நாள் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் என் வயதுப் பெண் ஒருவர் மூளைக்கட்டியில் இறந்துபோனார். அவருக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்ததாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. செல்போனில் தேடினால் எல்லா அறிகுறியும் எனக்கு இருக்கிற மாதிரியே தெரிகிறது. செல்போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாலும் வரும் என்கிறார்கள். நான் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டுமா?

வீட்டுக்காரரிடம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. அவருக்கு வயது 51. திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எனக்குத் தலைவலி என்றால் கடைப் பையனிடம் கடையை விட்டுவிட்டு ஓடிவருவார். இப்போது மூன்று மாதமாக எதைச் சொன்னாலும் "ம்" என்பதோடு சரி. கடைக் கணக்குகூட ஏனோதானோ என்று கிடக்கிறது. வண்டியை கேட்டில் இடித்து இடித்து இடது பக்கம் பூராவும் கீறல். கேட்டால் சிரிக்கிறார். காலையில் எழுந்ததும் அவரும் தலை பாரமாக இருக்கிறது என்பார், காப்பி குடித்தால் சரியாகிவிடும். வயதாகிறது, வியாபாரக் கவலை என்று விட்டுவிட்டேன். என் பயத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படிக்கும்போது உங்கள் தலைவலிக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி அந்தப் பத்தியிலிருந்து படித்தேன். நீங்கள் ஸ்கேன் கேட்பது உங்களுக்கு. எனக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தோன்றுவது உங்கள் வீட்டுக்காரருக்கு.

இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணில் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். பதற்றத்தில் நீங்கள் பாதியைக் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். வேறு ஏதோ ஒரு வீட்டிலும் இதே மாதிரி ஒரு "ம்" கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அவருக்கு மூளையில் கட்டி என்று நான் சொல்லவில்லை. ஆளைப் பார்க்காமல் கடிதத்தை வைத்தே அப்படிச் சொல்லும் டாக்டரிடம் நீங்கள் போகவும் வேண்டாம். ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஓடியாடிக்கொண்டிருந்த மனிதர் எதிலும் ஒட்டாமல் போனது, கணக்குத் தடுமாறுவது, இடிப்பதெல்லாம் இடது பக்கமாகவே இருப்பது, காலையில் தலை பாரம். நான்கும் மூன்று மாதத்துக்குள் வந்திருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், நீங்களும் சொல்லிக்கொண்டீர்கள். ஆனால் வயதானால் இரண்டு பக்கமும்தானே தடுமாற வேண்டும்? வியாபாரக் கவலை இருப்பவர் வலது பக்கமும் நாலு இடி இடித்திருப்பார்.

மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. கை காலை மட்டுமில்லை, இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்கிற கவனத்தையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. வலது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும் பகுதியில் கோளாறு வந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் இடது பக்கம் இருப்பது மனதில் பதியாது. இலையில் இடது ஓரம் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடாமல் கிடக்கும். முகம் வழித்தால் இடது கன்னத்தில் பாதி மயிர் மிச்சமிருக்கும். செருப்பு இடது காலிலிருந்து கழன்றுபோனது தெரியாமல் நடப்பார்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை வேறு. எழுந்து போய் ஒரு காரியத்தைத் தொடங்குவது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, அடுத்தவர் வலியில் அக்கறைப்படுவது எல்லாம் அங்கிருந்துதான். அந்த இடம் அழுத்தப்பட்டால் வலி தெரியாது, மறதிகூட ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது. பற்று மட்டும் கழன்றுபோகும். குடும்பத்தார் கோபித்துக்கொள்வார்கள், சண்டை வரும், "யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள்" என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போவார்கள். கேட்டால் சிரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்கு ஒரு குறிப்புதான். இந்த மாதிரிக் கோளாறில் தன்னிடம் ஏதோ சரியில்லை என்பதே ஆளுக்குத் தெரிவதில்லை. அவர் மறைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதனால்தான் மூளைக்கட்டியைப் பொறுத்தவரை நோயாளி சொல்வதைவிடக் கூட இருப்பவர் சொல்வது பல நேரம் முக்கியமாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது கிராமத்து விவசாயி ஒருவரை "மனசு சரியில்லை" என்று கூட்டிவந்தார்கள். பேர், ஊர், நாள், கிழமை கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். மன அழுத்தம் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வாசல்வரை போன அவர் மனைவி திரும்பிவந்து, "மாடு கத்தினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாரு சார், தண்ணி காட்டறதே இல்ல" என்றார். "சரியாயிடும்மா" என்றேன். ஆறு வாரம் கழித்து அவரை வலிப்போடு தூக்கிவந்தார்கள். முன்மூளையை அழுத்திக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் மெதுவாக வளரும், பெரும்பாலும் புற்றில்லாத வகை. அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள், ஆள் தேறி ஊருக்குப் போனார். ஆனாலும் அந்த ஆறு வாரத்துக்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரிடம் ஐந்து நிமிடமாவது தனியாகப் பேசாமல் நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

சரி, கட்டி இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கலாம்? இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாரா, வண்டியிலிருந்து விழுந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். அடி சின்னதாக இருந்து மறந்துகூடப் போயிருக்கலாம். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி, மூளையை அழுத்தும். பார்க்க அச்சு அசல் கட்டி மாதிரியே இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது அதிகம் (புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்காமல் விட முடியாது, தப்பாக நினைக்காதீர்கள்). மண்டையில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்துவிட்டால் பழைய ஆளாக எழுந்து உட்காருவார்கள். அடுத்து, வலது பக்கத்தில் சத்தமில்லாமல் வந்துபோன பக்கவாதமாக இருக்கலாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மன அழுத்தம் எல்லாமே ஆளை மந்தமாக்கும், ஆனால் அவை இடது பக்கத்தைத் தேர்ந்தெடுத்து இடிக்கவைக்காது. எதுவாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. அடுத்த மாதம், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றெல்லாம் தள்ளாமல் இந்த வாரத்துக்குள் எடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். விபூதி வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடி இருபது விநாடி நிற்கச் சொல்லுங்கள். இடது கை மெதுவாகக் கீழே இறங்கினாலோ உள்ளங்கை உள்பக்கம் திரும்பினாலோ குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, கடிகாரத்துக்கு எண்களை எழுதச் சொல்லுங்கள். இடது பக்கத்து எண்கள் விட்டுப்போனாலோ, பன்னிரண்டையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினாலோ அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இரண்டும் சரியாக இருந்துவிட்டால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கேன் எப்படியும் வேண்டும்.

வரமாட்டார் என்பதுதான் உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். போனிலும் அதைத்தான் சொன்னீர்கள். உங்களுக்குத்தான் ஏதோ சரியில்லை என்று சொல்லி அவரைக் கூப்பிட்டால் நிச்சயம் வரமாட்டார். உங்கள் தலைவலியையே சாக்காக வையுங்கள். "எனக்கு டாக்டரைப் பார்க்கணும், தனியாகப் போக பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க" என்று கூப்பிடுங்கள். இது பொய்யுமில்லை. உள்ளே போனதும் நீங்கள் எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பத்தியை டாக்டரிடம் கொடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஸ்கேன் முடிவு தெரியும்வரை வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். தேங்கிய ரத்தமோ பெரிய கட்டியோ இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஏதாவது இருந்தால், அல்லது இல்லாவிட்டாலும் சந்தேகம் தீராவிட்டால், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதற்கும் மேல்சிகிச்சைக்கும் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல், நரம்பு அறுவைச் சிகிச்சை இரண்டு துறையும் அங்கே உண்டு. கடலூரில் தரும் பரிந்துரைச் சீட்டையும் ஸ்கேன் படத்தையும் கொண்டுபோனால் வேலை எளிது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தனியாரில் செய்வதானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று வீட்டில் தேடி எடுத்து வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. எந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பெண்கள் மெட்டியையும் தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்லும்போது கண்கலங்குவதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், சங்கடம் இல்லை. பேஸ்மேக்கரோ, உடம்பில் வைத்த வேறு கருவியோ, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாத்திரக்கடைக்காரர் என்பதால் கேட்கிறேன், பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் பக்கம் நின்ற பழக்கம் உண்டா? உள்ளே அரை மணி நேரம் டமடமவென்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கதிர்வீச்சு கிடையாது.

இப்போதெல்லாம் ஸ்கேனை நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். 1971-ல் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சி.டி. எடுத்ததே முன்மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான். அதற்கு முன்பு முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் அறைகளுக்கு ஏறியதும் எக்ஸ்ரே எடுத்து, நிழல் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று ஊகிப்பார்கள். நோயாளிக்குப் பெரும் வேதனை. அந்தக் காலத்து டாக்டர்கள் மனைவிமார் சொல்வதை நம்மைவிடக் கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. வேறு வழி?

இனி உங்கள் தலைவலி. "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதியிருப்பது ஒற்றைத் தலைவலிக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வர்ணனை. இருபது வருடமாக ஒரே மாதிரி வருகிறது, ஒரு நாளில் போகிறது, போனபிறகு நீங்கள் முழு ஆரோக்கியமாக இருக்கிறீர்கள். கட்டிக்கு லீவு நாள் கிடையாது. வந்து வந்து போவது ஒற்றைத் தலைவலியின் சுபாவம், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போவது கட்டியின் சுபாவம். வேறு எந்தக் குறையும் இல்லாமல் தலைவலி என்று மட்டும் சொல்லிப் பொது மருத்துவரிடம் வருகிற ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கட்டி இருந்தால் அதிகம்.

நெட்டில் தேடினால் எல்லா அறிகுறியும் பொருந்துகிறது என்கிறீர்கள். பொருந்தத்தான் செய்யும். தலைவலி, வாந்தி, தலைசுற்றல், அசதி என்று போட்டிருப்பார்கள், சித்திரை வெயிலில் கடலூர் பஸ் நிலையத்தில் நிற்கிற பாதிப் பேருக்கு அது பொருந்தும். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கேள்விதான் முக்கியம்: முன்பு இல்லாதது புதிதாக வந்து, கூடிக்கொண்டே போகிறதா? பக்கவாதம் நிமிடங்களில் வரும். ஒற்றைத் தலைவலி மணிக்கணக்கில் வந்து போகும். கட்டியின் கணக்கு வாரமும் மாதமும்.

இன்னொன்று, பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. மூளைக்குத் தன் வலியை உணரும் நரம்பு கிடையாது. சுற்றியுள்ள உறையும் ரத்தக் குழாய்களும் இழுபட்டால்தான் வலிக்கும். 1993-ல் அமெரிக்காவில் மூளைக்கட்டி இருந்த 111 பேரைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தலைவலி இருந்ததே ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். இருந்தவர்களிலும் பெரும்பாலோர் சொன்னது சாதாரண பார உணர்வு, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது மாதிரி. அதிகாலையில் எழுப்பிவிடும் வலி என்று பாடத்தில் படிக்கிறோமே, அது ஆறில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆக, வலி பயங்கரமாக இருந்தால் கட்டி, லேசாக இருந்தால் ஒன்றுமில்லை என்கிற கணக்கு செல்லாது. உங்களுக்கு வருவது பயங்கரமான வலி, அவருக்கு வருவது காப்பியில் போகிற பாரம். இருந்தும் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிகிறதல்லவா?

அந்தக் காலைப் பாரத்துக்குக் காரணம் உண்டு. மண்டை ஓடு மூடிய பெட்டி, உள்ளே கூடுதலாக ஒன்று வளர்ந்தால் இடம் கிடையாது. இரவில் படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும். தூக்கத்தில் மூச்சு மெதுவாவதால் ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடி, மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து அதை இன்னும் ஏற்றும். எழுந்து நடமாடினால் இறங்கும். புகழ் காப்பிக்குப் போய்விடுகிறது! இருமினால், குனிந்தால், முக்கினால் தலைவலி ஏறுவதும், குனியும்போது சில விநாடி கண் இருட்டுவதும் இதே கணக்குதான். குறட்டை விட்டுத் தூங்குபவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும்கூடக் காலைத் தலைவலி வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு இப்போது எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. தேவையில்லாமல் எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஹாலந்தில் ரோட்டர்டாம் நகரில் எந்தக் குறையும் சொல்லாத 2000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். நூற்றில் 1.6 பேருக்குப் புற்றில்லாத கட்டி ஏதோ ஒன்று இருந்தது, பெரும்பாலும் மெனிஞ்சியோமா. தொந்தரவு செய்யாமல் கிடந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வாழ்நாள் பூராவும் பயந்துகொண்டிருக்க வேண்டியதாகிவிடும். அதற்குப் பதில் ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் பாவையை விரித்து உள்ளே பார்த்தால் பார்வை நரம்பு தொடங்கும் வட்டம் தெரியும். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் பல நேரம் அந்த வட்டம் வீங்கி ஓரம் மங்கியிருக்கும். உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சும்மா கண்ணாடி மாற்றப் போன இடத்தில் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் தலைவலி குணம் மாறினால் மட்டும் அப்போது ஸ்கேன் பற்றிப் பேசுவோம். அதாவது தினமும் வர ஆரம்பித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், கூடவே கை கால் மரத்தாலோ பார்வை குறைந்தாலோ.

மெடிக்கலில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை. பல மருந்து கலந்த தலைவலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல், மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். இப்படி வருகிறவர்களைத்தான் கட்டி என்று பயந்து வருகிறவர்களில் நான் அதிகம் பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கத் தனி மருந்துகள் உண்டு, உள்ளூர் டாக்டரே எழுதிக்கொடுப்பார். விரதம் என்று சாப்பிடாமல் கிடக்காதீர்கள், வெயிலில் குடை பிடியுங்கள்.

செல்போன் பற்றி: 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தக் கதிரலைகளை "இருக்கலாம், உறுதியில்லை" என்ற வகையில் சேர்த்தது. அதே வகையில் கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது. அதன்பிறகு வந்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் செல்போனால் மூளைக்கட்டி கூடியதாகத் தெரியவில்லை. தலைமாட்டில் வைக்க வேண்டாம்தான், ஆனால் காரணம் வேறு. நடுராத்திரியில் அறிகுறி தேடாமல் இருப்பீர்கள்.

வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று மற்ற வாசகர்கள் கேட்கக்கூடும். முதல் முறையாக, வளர்ந்த வயதில் வருகிற வலிப்பு. இது கை கால் வெட்டி இழுத்து நுரை தள்ளுவதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாய் ஓரம் மட்டும் இரண்டு நிமிடம் துடிப்பது, ஒரு கை மட்டும் இழுப்பது, இல்லாத கருகல் வாடை திடீரென்று வருவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது எல்லாமே வலிப்பாக இருக்கலாம். அப்படி ஒருவர் விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வலிப்புக்கு ஸ்கேன் எடுத்தால் அறிக்கையில் "கட்டி" என்று வரலாம். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நிலத்தை விற்கக் கிளம்பிவிட வேண்டாம். காசநோய்க் கட்டியும், நாடாப்புழு முட்டையால் வரும் புழுக்கட்டியும் இங்கே சகஜம், இரண்டும் மருந்தில் கரைபவை. புழுக்கட்டி பன்றிக்கறி சாப்பிட்டவருக்குத்தான் வரும் என்பதும் தவறு. முட்டை பரவுவது அசுத்தமான தண்ணீரிலும் கழுவாத காய்கறியிலும், அதனால் சுத்த சைவர்களுக்கும் வருகிறது. நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். புழுக்கட்டியை மற்றக் கட்டிகளிலிருந்து பிரித்தறியும் விதிகளை வகுத்ததிலும் அந்த மருத்துவமனைக்காரர்களுக்குப் பெரும் பங்கு. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் பூச்சி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். உள்ளே புழு சாகும்போது மூளை வீங்கும், அதற்கான மருந்தோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாவதையும் விட்டுவிடக் கூடாது. எப்போதும் வலது காதில் போன் பேசியவர் ஏனென்று தெரியாமலே இடது காதுக்கு மாறியிருப்பார். கேட்கும் நரம்பில் வரும் புற்றில்லாத கட்டி அப்படித்தான் தொடங்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியில் வரும் கட்டி இன்னும் வினோதம். மோதிரம் விரலில் ஏறாது, செருப்பு அளவு கூடும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, குழந்தை இல்லாமலே பால் சுரக்கும். இரண்டு பக்க ஓரப் பார்வையும் குறைந்து கதவு நிலையில் தோள் இடிக்கும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் அதிக நாள் வீணாகிறது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்பு வாந்தி, பத்து மணிக்கு நன்றாக விளையாடும். பள்ளிக்கூடம் போக அடம் என்று அடி விழும், இல்லையென்றால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வழிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காலை வாந்தி தொடர்ந்தால், கூடவே நடை தள்ளாடினால், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தால், புதிதாக மாறுகண் தெரிந்தால், வயிற்றுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுபடி உங்கள் வீட்டுக்கே வருகிறேன். ஸ்கேனுக்குப் போவதற்குள் அவர் ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, இடது கை கால் விழுந்தாலோ நாள் பார்க்க வேண்டாம், அந்த நிமிடமே 108-க்குக் கூப்பிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்து, இருமலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நுரையீரலில் தொடங்கிய புற்று மூளைக்குப் பரவுவது உண்டு. ஒருவேளை கட்டி என்றே வந்தாலும், "கத்தி பட்டால் பரவும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாள் கடத்த வேண்டாம். என்ன வகை என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது, தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் ஒரு துணுக்காவது எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

கிளம்பும்போது மூன்று மாதத்துக்கு முந்தைய கடைக் கணக்கு நோட்டையும் இப்போதைய நோட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிகாரத் தாளையும். வண்டியின் இடது பக்கத்தை உங்கள் செல்போனிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய், டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பு அதைக் காட்டுங்கள்.